டூர் டி பிரான்ஸ் ரேஸ் பார்த்துட்டு சைக்கிளை அப்கிரேட் பண்ணணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்டது இப்படி. நாலு வருஷமா ஒரு அலுமினியம் ரோடு பைக் ஓட்டுறீங்க, ஷிமானோ 105 கியர் செட் (கேபிள்ல ஓடுற மெக்கானிக்கல், 11 ஸ்பீட்), டிஸ்க் பிரேக், 25 மிமீ டயர், முன் பல்சக்கரம் ரெண்டும் 52/36 பல்லு, பின்னாடி 11ல இருந்து 28 பல்லு வரைக்கும். டூர் டி பிரான்ஸை ஒரு ஸ்டேஜ் விடாம பார்த்து முடிச்ச சூட்டோட, சேத்து வச்ச காசுல கார்பன் வீல் வாங்கவா, எலக்ட்ரானிக் ஷிஃப்டிங் போடவா, இல்ல மொத்தமா கார்பன் பிரேமுக்கே போயிடவான்னு கேட்டிருக்கீங்க. கடைசில போற போக்குல ஒரு வரி, "நீளமான ஏத்தத்துல முட்டி முன்பக்கம் வலிக்குது"ன்னு. எனக்கு மொத்த கேள்வியிலயும் அந்த வரிதான் கண்ணுல பட்டுச்சு.

அந்த மூணுமே இப்போதைக்கு வேண்டாம்ங்கிறதுதான் என் பதில். ஆசையைக் கெடுக்கணும்னு சொல்லல, நானும் ரேஸ் பார்த்துட்டு பார்ட்ஸ் தேடுற ஆளுதான், அதுல இருக்குற சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனா ரேஸ்ல கேமரா காட்டுறது பிரேம், வீல், பெயின்ட் இவ்வளவுதான். காலையில மெக்கானிக் ஒவ்வொரு டயருக்கும் காத்து எவ்வளவுன்னு அளந்து அடிக்கிறது, செயினை மெழுகுல முக்கி எடுக்கிறது, சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் சைக்கிள்ல உக்கார வச்சு மணிக்கணக்கா மில்லிமீட்டர் பார்த்து சரி பண்றது, இதெல்லாம் டிவில வராது. நம்மள மாதிரி ஆளுக்கு ப்ரோ ரேஸிங்ல இருந்து எடுத்துக்க வேண்டியது பெரும்பாலும் இந்த டிவில வராத பக்கம்தான், அதுக்கு செலவும் கம்மி.

1989 டூர் கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். கடைசி நாள் வெர்சாய்ல இருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருத்தரா தனியா நேரம் பார்த்து ஓட்டுறது. அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட் 50 செகண்ட் பின்னாடி இருக்கார், பிரான்ஸோட ஃபின்யோன் முதல் இடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில. லெமாண்ட் சராசரியா மணிக்கு 54.5 கிலோமீட்டர்ல பறந்து அந்த ஸ்டேஜ்ல ஃபின்யோனை 58 செகண்ட் முந்தி, மொத்தத்துல 8 செகண்ட்ல டூரையே ஜெயிச்சார், ஆண்கள் டூர்ல இன்னிக்கு வரைக்கும் அதை விட சின்ன வித்தியாசத்துல யாரும் ஜெயிச்சதில்ல. இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் "பாத்தியா, எக்விப்மென்ட் ஜெயிச்சுது"ன்னு முடிப்பாங்க. சரிதான், ஆனா எந்த எக்விப்மென்ட்? அன்னிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் டிஸ்க் வீல் (கம்பி இல்லாம முழுத் தட்டா இருக்குற வீல்) போட்டு வந்தது ஃபின்யோன். லெமாண்ட் பின்னாடி மட்டும்தான் டிஸ்க் போட்டிருந்தார். அவர்கிட்ட கூடுதலா இருந்தது ட்ரையத்லான்காரங்க யூஸ் பண்ற நீட்டு ஹேண்டில்பாரும் ஒரு ஏரோ ஹெல்மெட்டும். அந்த ஹேண்டில்பார் முழங்கையை உள்ள இழுத்து, முதுகைத் தாழ்த்தி, உடம்பைச் சின்னதாக்குச்சு, அவ்வளவுதான் அது செஞ்ச வேலை. ஃபின்யோன் தலையில ஹெல்மெட் இல்ல, போனிடெய்ல் காத்துல ஆடுது, அதுக்கு மேல உக்கார்ற இடத்துல புண்ணு, சீட்ல சரியாவே உக்கார முடியாத நிலைமை. வீலைப் பார்த்தா ஃபின்யோன் பக்கம்தான் தராசு சாயும், உக்காந்திருந்த விதத்தைப் பார்த்தா லெமாண்ட் பக்கம் சாயும்.

அதனால முதல்ல பிட்டிங், அதாவது சைக்கிளை உங்க உடம்பு அளவுக்குச் சரி பண்றது. இதைச் சொன்னாலே பலருக்கு ஆர்வம் போயிடும், ஏன்னா போட்டோ எடுத்துப் போடற மாதிரி எதுவும் கைக்கு வராது. ஆனா பெல்ஜியத்து ஜாம்பவான் எடி மெர்க்ஸை நினைச்சுப் பாருங்க. 1969ல பிரான்ஸ்ல ப்ளுவா ஊர் ட்ராக்ல விழுந்து இடுப்பு அடிபட்டதுக்கு அப்புறம் அவர் சீட் உயரத்தை மாத்திக்கிட்டே இருந்தார், ரேஸ் நடுவுலயே போல்ட் திருப்புற சாவியை எடுத்து ஏத்தி இறக்கின ஆளு. அத்தனை ஜெயிச்ச மனுஷனுக்கே சில மில்லிமீட்டர் அவ்வளவு முக்கியமா இருந்துச்சுன்னா நமக்கு இல்லாமப் போகுமா.

உங்க முட்டி விஷயத்துக்கு வர்றேன். முட்டிக்கு முன்பக்கம் வலின்னா பொதுவா சீட் ரொம்ப கீழ இருக்கும், இல்லன்னா ரொம்ப முன்னாடி இருக்கும், இல்லன்னா கனமான கியரை மெதுவா மிதிக்கிறீங்க, உங்க கியரைப் பார்த்தா இதுல ஒண்ணுக்கு மேலயே இருக்கும்னு தோணுது. முட்டிக்குப் பின்னாடி வலிச்சா தலைகீழா, சீட் ரொம்ப மேல இருக்கும், அப்ப மிதிக்கும்போது இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும், பின்னாடி இருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொன்னா பளிச்சுன்னு தெரியும். பெடல் கீழ இருக்கும்போது முட்டி முழுசா நீட்டாம 25ல இருந்து 35 டிகிரிக்குள்ள மடங்கி இருக்கணும், ஆரம்பிக்க இது போதும். மாத்தும்போது ஒரே நாள்ல 2 சென்டிமீட்டர் ஏத்தாதீங்க, 3 மிமீ, 4 மிமீன்னு ஏத்தி ரெண்டு மூணு ரைட் ஓட்டிப் பாருங்க. ஷூ அடியில பெடலோட மாட்டிக்கிற க்ளீட்டையும் பாருங்க, தேஞ்சிருந்தா கால் ஒரு பக்கமா திரும்பிக்கிட்டே இருக்கும், அதுவும் முட்டியைத் தாக்கும். வசதி இருந்தா பிட்டிங் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு நாள் உக்காந்துடுங்க, ஒரு நல்ல வீல் செட் விலைல அது ஒரு சின்ன பங்குதான். இதையெல்லாம் பண்ணியும் வலி நிக்கலன்னா டாக்டரைப் பாக்கணும், பார்ட்ஸ் மாத்தி அதைத் தீர்க்க முடியாது.

என் அனுபவத்தைச் சொல்றேன். நான் முதல்ல வாங்கினதே 50 மிமீ உயர ரிம் இருக்குற கார்பன் வீல்தான். சத்தம், அழகு எல்லாம் பிரமாதம். ஆனா ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்குற துண்டு) ப்ரோ பைக் மாதிரி அடியோட இறக்கி வச்சிருந்தேன், ஹேண்டில்பாரோட கீழ் வளைவைப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷத்துக்கு மேல என்னால இருக்க முடியாது, கழுத்து பிடிச்சுக்கும், நிமிர்ந்து உக்காந்துடுவேன். நிமிர்ந்து உக்காந்தா வீல் மிச்சம் பிடிச்சது எல்லாம் நெஞ்சுல அடிக்கிற காத்துல போயிடும். ஒன்றரை வருஷம் கழிச்சு ஸ்டெம்முக்கு அடியில 15 மிமீ ஸ்பேசர் வச்சு ஏத்தி, சீட்டை ஒரு சென்டிமீட்டர் மேல தூக்கினதுக்கு அப்புறம்தான் முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி ஒரு மணி நேரம் நிம்மதியா ஓட்ட முடிஞ்சுது. ஹேண்டில்பாரை ஏத்தினதுக்கு அப்புறம்தான் ஸ்பீடு கூடுச்சு, இது எனக்கு அன்னிக்கு நம்பவே முடியாத விஷயமா இருந்துச்சு.

அடுத்தது டயர், இதைப் பத்தி கொஞ்சம் நீட்டித்தான் பேசப் போறேன், ஏன்னா கடந்த பதினஞ்சு வருஷத்துல ப்ரோ ரேஸிங்ல நடந்த பெரிய மனமாற்றம் இதுலதான். ஒரு காலத்துல 21, 23 மிமீ டயர்ல 120 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சு கல்லு மாதிரி வச்சு ஓட்டுவாங்க, மெல்லிசா இறுக்கமா இருந்தாதான் ஸ்பீடுன்னு நம்பிக்கை. இப்ப டூர்ல சாதாரண ஸ்டேஜ்லயே 28, 30 மிமீதான், அதுல பலருக்கு 70 பிஎஸ்ஐ கூட கிடையாது. என்ன ஆச்சுன்னா, டயர் உருளும்போது சக்தி ரெண்டு வழியில போகுது. ஒண்ணு ரப்பர் நசுங்கி நிமிர்றதுல போறது. காத்தைக் கூட்டினா இது குறையும், லேப்ல வழுவழுப்பான டிரம்மை வச்சு அளந்தா கூட்டக் கூட்ட நல்லதுன்னுதான் காட்டும். ஆனா நிஜ ரோடு டிரம் மாதிரி வழுவழுன்னு இல்லையே, சொரசொரப்பு, வெடிப்பு, ஒட்டுப்போட்ட தார் எல்லாம் இருக்கு. காத்து ஜாஸ்தியா இருந்தா டயர் அதையெல்லாம் உள்வாங்காம சைக்கிளையும் ஆளையும் சேத்து மேல தூக்கிப் போடுது, அந்த அதிர்வை உங்க தொடையும் தோளும் தாங்குது, அங்க போற சக்தி திரும்ப வராது. ஒரு அளவைத் தாண்டினா ரெண்டாவது நஷ்டம் முதல் லாபத்தை விட வேகமா ஏறும். அந்த அளவு நம்ம பெரும்பாலானவங்க அடிக்கிறதை விட ரொம்ப கீழ இருக்கு.

பிரான்ஸ்ல நடக்குற ஒரு நாள் ரேஸான பாரிஸ்-ரூபேல இதை கண்ணால பாக்கலாம். கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர்ல 55 கிலோமீட்டர் கிட்ட கருங்கல் பாவின ரோடு, 2024ல வான் டெர் பூல் கடைசி 60 கிலோமீட்டரை தனியா ஓட்டி ஜெயிச்சப்ப சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர். தொண்ணூறுகள்ல எத்தனையோ பெரிய ஆளுங்க மெல்லிய டயர்ல பல்லைக் கடிச்சு ஓட்டின அதே கல்லு. பின்காத்து, கூட்டத்தோட வேகம், ட்ரெய்னிங்னு பல காரணம் இருக்கு, எல்லாத்தையும் டயர் கணக்குல எழுத மாட்டேன். ஆனா அகலமான டயர்ல குறைஞ்ச காத்து வைக்கிறது அங்க இருந்துதான் மத்த ரேஸுக்கும் இறங்கி வந்துச்சு.

உங்களுக்கு இதுல என்னன்னா, நாலு வருஷ பழைய 25 மிமீ டயர், அதுவும் பைக் கூட வந்த டயர்னா ரப்பர் தடியா, விறைப்பா இருக்கும். நல்ல ரேஸ் டயருக்கும் அந்த மாதிரி டயருக்கும் ஒரே வேகத்துல ஒரு டயருக்கு 5 வாட்ல இருந்து 10 வாட் வரைக்கும் வித்தியாசம் வரும், ரெண்டு டயருக்கு ரெட்டிப்பு. ஒரு சராசரி ஆளு 180, 200 வாட்ல ஓட்டுறார்னு வச்சா இது எவ்வளவு பெரிய தொகைன்னு பாருங்க. கார்பன் வீல்ல இதுக்குச் சமமா எடுக்கணும்னா மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல விடாம ஓட்டணும். டயர்ல அப்படி இல்ல, 20ல போனாலும் கிடைக்கும், 35ல போனாலும் கிடைக்கும், ஏத்தத்துலயும் கிடைக்கும்.

28 மிமீ வாங்குங்க. ஆள் 70 கிலோ பக்கம்னா முன்னாடி 65, பின்னாடி 70 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு, ரோடு மோசமா இருந்தா ரெண்டு ரெண்டா இறக்கிப் பாருங்க. பள்ளத்துல ரிம் தட்டுற சத்தம் கேட்டாலோ, வளைவுல டயர் நெளியுற மாதிரி இருந்தாலோ கீழ போயிட்டீங்கன்னு அர்த்தம். மானி இருக்குற பம்ப் ஒண்ணு கண்டிப்பா வேணும், கட்டை விரலால அமுக்கிப் பார்க்கிறது 60க்கும் 100க்கும் கூட வித்தியாசம் சொல்லாது. டியூப்லெஸ்ஸா டியூபான்னு சண்டை ஓயாது. என் கருத்து, வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுறவங்களுக்கு டியூப்லெஸ் நல்லது, சின்ன ஓட்டையை டயருக்குள்ள ஊத்துற சீலண்ட் திரவமே அடைச்சிடும், ஆனா நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை சீலண்ட் காஞ்சிருக்கான்னு பாக்கணும், அந்தப் பொறுமை இல்லாதவங்க டிபியூ (மெல்லிசான பிளாஸ்டிக் வகை) டியூப் போட்டுக்கலாம். சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராமுக்கு மேல இருக்கும், இது 40 கிராமுக்கு உள்ள, உருளுறதும் லேசு, பழைய ரிம்லயே போடலாம், ஒரு மாசம் சைக்கிளைத் தொடலன்னாலும் தொல்லை இல்ல.

ஒரு எச்சரிக்கை, பின்னாடி எப்பவாவது கார்பன் வீல் வாங்கும்போது உதவும். ரிம் ஓரத்துல கொக்கி இல்லாத ஹூக்லெஸ் வகைன்னா 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல அடிக்கவே கூடாது, டயரும் அதுக்குப் பொருத்தமானதுன்னு எழுதியிருக்கணும், ரிம்மோட உள் அகலத்துக்கு டயர் ரொம்ப மெல்லிசா இருக்கக் கூடாது. 2024 யுஏஇ டூர்ல தாமஸ் டி ஹெண்ட் விழுந்தப்ப டயர் ரிம்மை விட்டு வெளிய வந்து கிடந்தது, அதுக்கு அப்புறம் ப்ரோ கூட்டத்துக்குள்ளயே இதைப் பத்தி பெரிய விவாதம் ஓடுச்சு. நமக்கு கார்ல இன்னொரு வீலோட யாரும் பின்னாடி வர மாட்டாங்க, சந்தேகம் இருந்தா ஹூக் இருக்குற ரிம்மே வாங்குங்க.

கியர். முட்டிக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. உங்ககிட்ட இருக்குற லேசான கியர் 36க்கு 28, அதாவது முன்னாடி 36 பல்லு, பின்னாடி 28. நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா அந்தக் கியர்ல வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் கிட்ட வரும். 8 சதவீத ஏத்தத்துல ஆளும் சைக்கிளும் சேந்து 80 கிலோன்னா அந்த வேகத்துக்கு 250 வாட் வேணும். அது எல்லாராலயும் ஒரு மணி நேரம் குடுக்க முடியுற சக்தி இல்ல, அதனால என்ன ஆகும், சுத்து 60க்கு, 55க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏர்ற மாதிரி முட்டியில இறங்கும். இதே 34க்கு 34 போட்டா அதே 80 சுத்துல வேகம் 10 கிலோமீட்டர், தேவை 195 வாட். மெதுவா போறோமேன்னு தோணும், ஆனா மேல போய் சேர்ற நேரம் பல சமயம் குறையத்தான் செய்யும், ஏன்னா நடுவுல நிக்க மாட்டீங்க.

இது வலு இல்லாதவங்க வேலைன்னு நினைச்சா 2023 ஜிரோ டி இத்தாலியா (இத்தாலியோட மூணு வார ரேஸ்) 20வது ஸ்டேஜைப் பாருங்க, மோன்டே லூசாரி மலை டைம் ட்ரையல். அவ்வளவு செங்குத்தான ஏத்தத்துக்கு ஸ்லோவேனியாவோட ரோக்லிச் முன்னாடி ஒரே செயின்ரிங் (முன் பல்சக்கரம்), பின்னாடி மவுண்டன் பைக்ல வர்ற மாதிரி 44 பல்லு வரைக்கும் பெரிய கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டு வந்தார். நடுவுல செயின் வேற கழண்டுது, இறங்கி மாட்டி, ரோட்டோரம் நின்ன ஒருத்தர் தள்ளிவிட, திரும்ப ஏறி, அப்படியும் கெரைன்ட் தாமஸை 40 செகண்ட் முந்தி, மொத்த ஜிரோவை 14 செகண்ட்ல ஜெயிச்சார். அந்த ஸ்டேஜை நான் எத்தனை தடவை பார்த்தாலும் செயின் விழுற இடத்துல மூச்சு நிக்குது. உலகத்துலயே பெரிய மலை ரேஸர்கள்ல ஒருத்தர் லேசான கியர் வேணும்னு தயங்காம போடும்போது நமக்கு என்ன தயக்கம். சாதாரண மலை ஸ்டேஜ்லயே இப்ப ஷிமானோவோட உச்ச ரக டியூரா-ஏஸ் கேசட் 11-34 வரைக்கும் வருது, எண்பதுகள்ல 42க்கு 23ல நின்னு மிதிச்ச காலம் போயாச்சு.

உங்க 105ல பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு நகத்துற பகுதி) ரெண்டு சைஸ்ல வரும், கை நீளமா இருக்குற வகைன்னா 34 பல்லு வரைக்கும் தாங்கும், குட்டையா இருந்தா 30தான். டீரெய்லர் உள்பக்கத்துல ஜிஎஸ்னு இருந்தா நீளம், எஸ்எஸ்னு இருந்தா குட்டை. குட்டைன்னா டீரெய்லரையும் சேத்து மாத்தணும், அப்படி மாத்தினாலும் எலக்ட்ரானிக் செட்டோட ஒப்பிட்டா கொசுறுதான். கேசட் பெருசானா செயினும் நீளமா வேணும், பழைய செயினை வச்சு ஒப்பேத்தாதீங்க, பெரிய பல்லுல போட்டதும் இறுகி டீரெய்லரையே பிச்சிடும். முன்னாடி 52/36ஐ 50/34 ஆக்க க்ராங்க் (பெடல் மாட்டுற கை) மாத்த வேண்டியதில்ல, அந்த நாலு போல்ட் க்ராங்க்ல செயின்ரிங் மட்டும் மாத்திக்கலாம், முன் டீரெய்லரைக் கொஞ்சம் கீழ இறக்கணும், அவ்வளவுதான்.

செயினைத் தொட்டாச்சு, அதனால அதையும் சொல்லிடறேன். ப்ரோ டீம்கள்ல மெழுகு போட்ட செயின் இப்ப சர்வசாதாரணம். எண்ணெய் போட்ட செயின் முதல் நாள் நல்லாத்தான் ஓடும், ஆனா எண்ணெய் புழுதியை இழுக்கும், புழுதியும் எண்ணெயும் சேந்து அரைக்கிற பசை மாதிரி ஆகி ஒவ்வொரு கண்ணியையும் தேய்க்கும். மெழுகு காஞ்சு கெட்டியா இருக்கறதால தூசி ஒட்டாது. புது செயின்ல கம்பெனி போட்ட கிரீஸை கரைப்பான்ல சுத்தமா எடுக்கணும், அது மிச்சம் இருந்தா மெழுகு பிடிக்காது, பலர் இந்த இடத்துலதான் அவசரப்பட்டு "மெழுகு வேலைக்கு ஆகல"ன்னு விட்டுடறாங்க. அப்புறம் உருகின மெழுகுல போட்டு கண்ணிக்குள்ள இறங்குற வரைக்கும் ஆட்டி, எடுத்து தொங்கவிட்டு, ஆறினதும் விறைச்ச கண்ணிகளை கையால மடக்கி மடக்கி இளக்கி விட்டு மாட்டணும். 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப. இதுக்கு நேரம் இல்லன்னா பாட்டில்ல வர்ற மெழுகு மசகு போதும். அழுக்கு செயினுக்கும் நல்ல செயினுக்கும் நாலஞ்சு வாட் சுலபமா இருக்கும், அதை விட முக்கியம் கேசட்டும் செயின்ரிங்கும் ரெண்டு மூணு மடங்கு நாள் வரும். செயின் தேய்மானம் பாக்குற சின்ன கருவி ஒண்ணு வாங்கி, 11 ஸ்பீடுக்கு 0.5 காட்டினதும் செயினை மாத்திடுங்க. நாலு வருஷமா ஒரே செயின்னா இப்பவே தாண்டியிருக்கும்.

இப்ப எடை. உலக சைக்கிள் ரேஸ் அமைப்பான யுசிஐ 2000லேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு போட்டுட்டாங்க, அதனால ப்ரோ பைக் எல்லாம் அந்த எண்ணைச் சுத்தியோ அதுக்குக் கொஞ்சம் மேலயோதான் இருக்கு. உங்க அலுமினியம் பைக் 9 கிலோ பக்கம் இருக்கும்னு வைங்க. ஒரு கிலோ குறைச்சா என்ன கிடைக்கும்? டூர்ல பேர்போன மலை ஏத்தமான ஆல்ப் டுவெஸ், 13.8 கிலோமீட்டர், 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவு, அதை 250 வாட்ல 80 கிலோவோட ஏர்றவருக்கு ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம் ஆகும். ஒரு கிலோ குறைஞ்சா 45 செகண்ட் கிட்ட மிச்சம். சமதரையில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. 2024 பெண்கள் டூர்ல அதே ஆல்ப் டுவெஸ் உச்சியில காஸியா நியெவியடோமா டெமி வோலரிங்கை மொத்தமா 4 செகண்ட்ல ஜெயிச்சாங்க, அவங்களுக்கு 45 செகண்ட்ங்கிறது வாழ்க்கையையே மாத்துற விஷயம், காசு குடுத்து கிராம் குறைக்கிறதுல அர்த்தம் இருக்கு. நமக்கு அந்த 45 செகண்டுக்கு குடுக்குற விலை அதிகம்னு நான் நினைக்கிறேன். அலுமினியம் பிரேம் நல்லா இருக்குற வரைக்கும் ஓட்டுங்க.

எலக்ட்ரானிக் ஷிஃப்டிங் அருமையான பொருள், மறுக்கல. விரல் பட்டதும் மாறும், கேபிள் இழுபடுறது கிடையாது. ஆனா உங்களை வேகமாக்காது. அதோட 11 ஸ்பீட்ல இருந்து 12க்குப் போனா லீவர், ரெண்டு டீரெய்லர், கேசட், செயின்னு வரிசையா மாறும், பிராண்டைப் பொறுத்து பின் வீல்ல கேசட் உக்கார்ற ஃப்ரீஹப் கூட ஒத்துக்காது. அந்தக் காசு பெரும்பாலும் அடுத்த பைக்கோட சேத்து வாங்கினா லாபம். இப்போதைக்கு கேபிளும் அதோட உறையும் புதுசா மாத்துங்க, நாலு வருஷ பழைய 105 திரும்ப வெண்ணெய் மாதிரி விழும். இன்னொண்ணு, 2020ல ஸ்லோவேனியாவோட பொகாச்சர் தன்னோட முதல் டூரை ரிம்மைப் பிடிக்கிற பழைய வகை பிரேக்ல ஜெயிச்சார், அப்ப பாதி கூட்டம் டிஸ்க்குக்குப் போயாச்சு. லேட்டஸ்ட் இல்லன்னா ஓட முடியாதுங்கிறது இல்ல.

ப்ரோக்களைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கக் கூடாதது கொஞ்சம் இருக்கு. ஃப்ரூம் 2016 டூர்ல பெய்ரசூர்ட் மலை இறக்கத்துல டாப் ட்யூப் (சீட்டுக்கு முன்னாடி இருக்குற மேல் குழாய்) மேல உக்காந்து மிதிச்சுக்கிட்டே போனாரே, அந்த உக்கார்ற விதத்தை யுசிஐ 2021ல தடையே பண்ணிட்டாங்க, ஒரு பள்ளம் வந்தா ஹேண்டில் கையில இருக்காது, தயவுசெய்து வேண்டாம். ரொம்ப குறுகலான ஹேண்டில்பாரும் அப்படித்தான், 2026ல இருந்து வெளிப்பக்க அகலம் 400 மிமீக்குக் குறையக் கூடாதுன்னும், ரிம் உயரம் 65 மிமீயைத் தாண்டக் கூடாதுன்னும் விதி வந்தாச்சு. பொகாச்சர் 172.5ல இருந்து 165 மிமீ க்ராங்குக்கு மாறினதைப் பார்த்து நிறைய பேர் மாத்துறாங்க. இதை நான் முழுசா ஒதுக்க மாட்டேன், குட்டை க்ராங்க்ல கால் மேல வரும்போது இடுப்பும் முட்டியும் மடங்குறது குறையும், முட்டி தொல்லை இருக்குறவங்களுக்கு நிம்மதி கிடைக்கலாம். ஆனா சீட் உயரம், கியர் ரெண்டும் சரி பண்ணி ஒரு மாசம் ஓட்டினதுக்கு அப்புறமும் வலி மிச்சம் இருந்தா யோசிக்கலாம், அதுக்கு முன்னாடி வேண்டாம்.

கார்பன் வீல் ஆசை இன்னும் இருக்கும், தெரியும். சமதரையில தனியா 35ல போகும்போது நீங்க செலவழிக்கிற சக்தியில பெரும்பகுதி காத்தைத் தள்ளத்தான் போகுது, அந்தக் காத்துல முக்கால் பங்குக்கு மேல தடுக்கிறது உங்க உடம்பு, சைக்கிள் இல்ல. அதனால படபடன்னு அடிக்காத இறுக்கமான ஜெர்சி, மடக்கின முழங்கை, ரெண்டும் வீலை விட அதிகம் குடுக்கும். கூட்டமா ஓட்டினா இன்னும் அதிகம், காத்துத் தடையை ஆராயுற பெர்ட் ப்ளாக்கன் குழு 2018ல 121 பேர் கூட்டத்தை ஆராய்ச்சி பண்ணப்ப நடுவுல பின்பக்கம் இருக்குறவங்களுக்கு காத்துத் தடை தனியா போறதுல 5ல இருந்து 10 சதவீதம்தான்னு வந்துச்சு. அதனாலதான் நாள் பூரா ஒளிஞ்சு உக்காந்த ஸ்ப்ரின்டர் கடைசி 200 மீட்டர்ல அப்படிப் பாயுறார்.

2023 டூர்ல கோம்ப்ளூ டைம் ட்ரையல் பார்த்திருப்பீங்க. பொகாச்சர் ஏத்தத்துக்கு முன்னாடி டைம் ட்ரையலுக்கான டிடி பைக்கை விட்டுட்டு லேசான ரோடு பைக்குக்கு மாறினார், அவரோட போட்டியாளர் விங்கெகோர் கடைசி வரைக்கும் டிடி பைக்லயே போனார், 22.4 கிலோமீட்டர்ல 1 நிமிஷம் 38 செகண்ட் வித்தியாசம். பைக் மாத்தினது சரியா தப்பான்னு எல்லாரும் அலசினாங்க, ஆனா பைக் மாத்துறதுல போறது சில செகண்ட்தான், மிச்சத்தை அன்னிக்கு விங்கெகோரோட கால்தான் எடுத்துச்சு. அடுத்த வருஷம் ப்ளட்டோ டி பெய் மலை ஏத்தத்துல பொகாச்சர் பான்டானியோட 1998 நேரத்தை 3 நிமிஷத்துக்கு மேல உடைச்சப்பவும் பலரும் பைக்கைத்தான் பேசினாங்க. டயர், ஏரோ எல்லாம் அதுல பங்கு உண்டு, ஆனா மணிக்கு 100 கிராமுக்கு மேல கார்போஹைட்ரேட் சாப்பிட வயித்தைப் பழக்கினது பத்தி கம்மியாத்தான் பேசினாங்க. நீங்க மூணு மணி நேரம் ஓட்டும்போது என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதவே இல்ல, மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட்டாவது உள்ள போகுதான்னு பாருங்க, கடைசி ஏத்தத்துல வித்தியாசம் தெரியும்.

இப்ப டயர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க பிரேம் 28 தாங்குமான்னு அளக்கணும். இப்ப இருக்குற டயருக்கு நல்லா காத்து அடிச்சு அதோட நிஜ அகலத்தை வெர்னியர் காலிப்பர்ல எடுங்க, டயர்ல எழுதியிருக்குறதை நம்பாதீங்க, அகலமான ரிம்ல 25 கூட 27 ஆ விரியும். அப்புறம் ஃபோர்க், பிரேக் இருக்குற இடம், செயின்ஸ்டே (பெடல் பக்கத்துல இருந்து பின் வீலுக்குப் போற குழாய்) மூணு பக்கமும் டயருக்கும் பிரேமுக்கும் எவ்வளவு இடம்னு பாருங்க, புது டயர் போட்டதுக்கு அப்புறமும் சுத்தி 4 மிமீ மிச்சம் இருக்கணும். டிஸ்க் பிரேக் பைக்ல பெரும்பாலும் தாராளமா இருக்கும். அந்த அளவையும், டீரெய்லர்ல ஜிஎஸ்ஸா எஸ்எஸ்ஸான்னும், சீட் உயரத்தை க்ராங்க் நடுவுல இருந்து சீட் மேல்பக்கம் வரைக்கும் அளந்தும் எழுதுங்க, எந்த டயர், எந்த கேசட், எத்தனை கண்ணி செயின்னு பார்த்துச் சொல்றேன்.